முதலில் தோட்டா, அப்புறம் திருகு: பாயின்ட் டூ டூ கேள்வி பதில்

விலை குறைந்த .22 ரிம்ஃபயர் (0.22 அங்குலக் குண்டு சுடும்) ரைஃபிளை எப்படிக் குறிக்குக் கொண்டுவருவது என்று கேட்டு வந்த கடிதங்களை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். எழுதியவர்கள் பெரும்பாலும் அமெரிக்காவிலும் கனடாவிலும் கிளப் ரேஞ்சுகளில் சுடுகிறவர்கள். ஒருவர் சென்னையிலிருந்து எழுதியிருக்கிறார். கீழே வரும் எந்த வேலையைத் தொடங்கும் முன்பும் மேகஸினைக் கழற்றுங்கள். பின்னால் அடைக்கும் போல்ட்டைத் திறந்து, பேரலின் பின்முனையில் தோட்டா உட்காரும் சேம்பர் காலி என்பதைக் கண்ணால் பார்த்து, சுண்டுவிரலாலும் தொட்டு உறுதி செய்யுங்கள். வேலை நடக்கும் அறையில் தோட்டாப் பெட்டி இருக்கவே கூடாது.

கேள்வி: என்னுடையது ரூகர் 10/22 தானியங்கி ரைஃபிள். கடையில் வாங்கியபடியே இருக்கிறது. 50 கஜத்தில் ஐந்து குண்டு இரண்டு அங்குலத்துக்குப் பரவுகிறது. நண்பர்கள் பேரலை மாற்றச் சொல்கிறார்கள். எதிலிருந்து ஆரம்பிப்பது? (டல்லாஸ்)

பேரல் கடைசி. முதலில் தோட்டா.

ரிம்ஃபயர் தோட்டாவில் தீப்பற்றும் மருந்து பித்தளைக் கூட்டின் விளிம்புக்குள் ஈரப் பசையாக இடப்பட்டு, கூட்டைச் சுழற்றிப் பரப்பப்படுகிறது. மலிவான மொத்தப் பெட்டியில் இந்தப் பசை ஒரு பக்கம் தடித்தும் ஒரு பக்கம் மெலிந்தும் இருக்கும். விளிம்பின் கனமும் தோட்டாவுக்குத் தோட்டா மாறும். பெரிய ரைஃபிள்காரர்கள் வீட்டிலேயே தோட்டா நிரப்பி இந்தக் குறையைத் தீர்த்துக்கொள்வார்கள். நமக்கு அந்த வழி கிடையாது, தொழிற்சாலை தருவதுதான். ஆகவே .22-இல் ‘ட்யூனிங்’ என்று சொல்வதில் பாதி, நம் பேரலுக்குப் பிடித்த தோட்டாவைத் தேடுவதுதான்.

தேடுவதற்கு ஒரு முறை இருக்கிறது. ஐந்தாறு வகை வாங்குங்கள்: சிசிஐ ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி, எஸ்கே ஸ்டாண்டர்ட் பிளஸ், ஈலி கிளப் போன்ற, 40 கிரெய்ன் (சுமார் 2.6 கிராம்) ஈயக் குண்டுள்ள தோட்டாக்கள், கூடவே நீங்கள் வழக்கமாகச் சுடும் மொத்தப் பெட்டி ஒன்று. வகைக்கு 50 போதும். வகை மாற்றும்போதெல்லாம் முதல் 10, 15 குண்டை வெறுமனே மண்மேட்டில் சுட்டுவிடுங்கள். ஒவ்வொரு தயாரிப்பாளரும் குண்டின் மேல் வேறு வேறு மெழுகு பூசுகிறார். முந்தின மெழுகு பேரலிலிருந்து போய்ப் புது மெழுகு படிந்தால்தான் அந்தத் தோட்டாவின் உண்மையான குணம் தெரியும். இதைச் செய்யாமல் நல்ல தோட்டாவை மட்டம் என்று ஒதுக்கியவர்கள் நிறைய.

பிறகு மேசையில், முன்னும் பின்னும் மணல் பை வைத்து, ஐந்து குண்டு வீதம் ஐந்து குரூப் (ஒரே குறியில் சுட்ட துளைக் கூட்டம்). ஒவ்வொன்றிலும் மிகத் தள்ளி விழுந்த இரண்டு துளைகளின் வெளி விளிம்புக்கு வெளி விளிம்பு அளந்து, 5.6 மில்லிமீட்டரைக் கழித்தால் மையத்துக்கு மையம் தூரம் வந்துவிடும். ஐந்தின் சராசரியை எடுங்கள். ஆகச் சிறிய குரூப்பை மட்டும் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டு மற்ற நான்கை மறந்துவிடுவது இந்த விளையாட்டின் தேசிய வியாதி. இரண்டு வகைகளின் சராசரிக்கு நடுவே ஐந்தில் ஒரு பங்குகூட வித்தியாசம் இல்லையென்றால் இரண்டும் ஒன்றுதான் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் அலசுவது தற்செயலை ஆராய்வது.

ஒரு வகை பிடித்துப்போனால் பெட்டியின் மடிப்பில் அச்சிட்டிருக்கும் லாட் (ஒரே தடவையில் தயாரித்த தொகுதி) எண்ணைப் பாருங்கள். அதே லாட்டில் 500, முடிந்தால் 1000 வாங்கி வையுங்கள். பெயர் ஒன்றாக இருந்தாலும் அடுத்த லாட் அதே போலச் சுடும் என்று உறுதி கிடையாது.

தோட்டாவை விளிம்புக் கனம் அளந்து பிரிக்கும் கருவி விற்கிறார்கள். மட்டமான பெட்டியில் அது கொஞ்சம் உதவும். அந்தக் கருவியின் காசுக்கு நல்ல தோட்டாவே வாங்கலாம் என்பது எங்கள் கட்சி.

கேள்வி: வேகமான தோட்டா காற்றில் குறைவாகத்தானே விலகும்? ஹை வெலாசிட்டி வாங்குவது புத்திசாலித்தனம் இல்லையா? (ஹூஸ்டன்)

.22-இல் கணக்கு தலைகீழ். ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி நொடிக்குச் சுமார் 1,070 அடியில் கிளம்புகிறது, ஒலியின் வேகத்துக்குச் சற்றுக் கீழே. ஹை வெலாசிட்டி 1,250 அடிக்குப் பக்கத்தில், ஒலியை மிஞ்சிக் கிளம்புகிறது. ஒலி வேகத்துக்கு மேலே காற்றின் தடை திடீரென்று கூடுவதால், அந்தக் கூடுதல் வேகத்தைக் குண்டு சீக்கிரமே இழக்கிறது. பக்கவாட்டுக் காற்றில் குண்டு எவ்வளவு விலகும் என்பதைத் தீர்மானிப்பது பயண நேரம் அல்ல, வேகம் குறைவதால் வழியில் இழந்த நேரம். மணிக்கு 10 மைல் குறுக்குக் காற்றில் 50 கஜத்தில் ஸ்டாண்டர்ட் சுமார் ஒரு அங்குலம் விலகினால், ஹை வெலாசிட்டி அதைவிடக் கால்வாசிக்கு மேல் அதிகம் விலகும். போதாக்குறைக்கு, ஒலி வேகத்தைத் தாண்டிக் கீழே இறங்கும் கட்டத்தில் குண்டு லேசாகத் தள்ளாடுகிறது.

ஹை வெலாசிட்டியின் லாபம் இரண்டு: தூரத்தில் குண்டு சற்றுக் குறைவாகத் தாழும், அழுக்கேறிய தானியங்கி ரைஃபிளில் போல்ட்டை நம்பகமாகத் தள்ளும். காகிதத்தில் சுடுகிறவர்களுக்கு இரண்டும் அவ்வளவு முக்கியமில்லை.

கேள்வி: தோட்டா சோதித்துவிட்டேன். 10/22-இல் அடுத்து எதைத் தொடுவது? (அட்லாண்டா)

திருகுகளை. பைசா செலவில்லாத வேலை.

1964-இல் அறிமுகமானதிலிருந்து 10/22-இன் அமைப்பு அதிகம் மாறவில்லை. போல்ட் ஓடும் நடு உடம்பான அலுமினிய ரிசீவரில் பேரலை மரை போட்டுப் பிடிக்கவில்லை. ஒரு வி-பிளாக்கும் (V வடிவக் கட்டை) இரண்டு திருகும் இழுத்துப் பிடிக்கின்றன. ரிசீவரை ஸ்டாக்கோடு (தோளில் வைத்துப் பிடிக்கும் கட்டை) சேர்ப்பது ஒரே ஒரு திருகு. கார்பைன் மாதிரியில் முன்னால் பேரலையும் ஸ்டாக்கையும் சேர்த்துக் கட்டும் ஒரு வளையமும் உண்டு.

கழற்றும்போது ஒரு சின்ன விஷயம்: சேஃப்டி பித்தானைச் சரியாக நடுவில் நிறுத்தினால்தான் ரிசீவர் ஸ்டாக்கிலிருந்து வெளியே வரும். அதற்கு ஹேமர் (சுடும் ஊசியை அடிக்கும் சுத்தி) பின்னால் இழுபட்டிருக்க வேண்டும். பித்தான் ஒரு பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும்போது நெம்பினால் ஸ்டாக்கின் ஓரம் பிளந்துபோகும்.

வெளியே எடுத்ததும் வி-பிளாக் திருகுகளைச் சோதியுங்கள். ஒன்று இறுக்கமாகவும் மற்றது தளர்ந்தும் இருப்பது சகஜம். இரண்டையும் மாறி மாறி, ஒவ்வொரு முறையும் கால் சுற்றாக, சமமாக இறுக்குங்கள். ஒரே மூச்சில் ஒன்றை முறுக்கினால் பேரல் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு உட்காரும். அலுமினியத்தில் மரை என்பதால் பலம் காட்ட வேண்டாம்.

ஸ்டாக் திருகுக்கு 15 இன்ச்-பவுண்ட் நல்ல தொடக்கம். இதற்கு இன்ச்-பவுண்டில் அளவு காட்டும் டார்க் ஸ்க்ரூடிரைவர் வேண்டும்; கார் சக்கரத்துக்கு வைத்திருக்கும் கருவி உதவாது. அங்கிருந்து 12, 18, 20 என்று மாற்றி, ஒவ்வொரு இறுக்கத்திலும் சில குரூப் சுட்டுப் பாருங்கள். ஒரு அளவில் குரூப் சுருங்கினால் அதைக் குறித்து வைத்துக்கொண்டு எப்போதும் அதே அளவுக்கு இறுக்குங்கள்.

முன் வளையம் பெரும்பாலும் தொல்லை. வெயிலிலும் ஈரத்திலும் மர ஸ்டாக் அசைய அசைய, வளையம் பேரலையும் கூடவே இழுக்கும். கழற்றிவிட்டுச் சுட்டுப் பாருங்கள். சில ரைஃபிள்களில் குரூப் உடனே சுருங்கும். சிலவற்றில் மோசமாகும், ஏனென்றால் ஒற்றைத் திருகில் தொங்கும் ரிசீவரின் மேல் பேரலின் முழு எடையும் இறங்குகிறது. அப்படி ஆனால் ரிசீவருக்கு முன்னால் ஓரங்குலத்தில், பேரலுக்கு அடியில், ஸ்டாக்கின் பள்ளத்தில் மெல்லிய ரப்பர் அல்லது தடித்த அட்டைத் துண்டை வைத்துச் சோதியுங்கள். வேலை செய்தால் பிறகு அந்த இடத்தில் எபாக்ஸியால் நிரந்தரத் திண்டு போட்டுக்கொள்ளலாம்.

இதற்கெல்லாம் பிறகும் நல்ல தோட்டாவில் 50 கஜத்தில் ஓரங்குலத்துக்குக் கீழே இறங்கவில்லையென்றால் அப்போது பேரலைப் பற்றிப் பேசலாம். தொழிற்சாலைப் பேரலின் சேம்பர் எந்தத் தோட்டாவும் சிக்காமல் நுழையும்படி தாராளமாகக் கடையப்பட்டது. குண்டைச் சுழலவைக்கும் ரைஃப்ளிங் வரிக்குள் போவதற்கு முன் அது கொஞ்ச தூரம் பிடிப்பில்லாமல் பாய்கிறது. மாற்றுப் பேரல்களில் வரும் பென்ட்ஸ் சேம்பர் இறுக்கமானது. ஆனாலும் தானியங்கிக்கு ஒத்துப்போகும். 0.920 அங்குலத் தடிமன் பேரல் வாங்கினால் பழைய ஸ்டாக்கின் பள்ளத்தைச் செதுக்கியாக வேண்டும், ரைஃபிளும் கனத்துவிடும். நின்று சுடுகிறவர் முதலில் யோசிக்க வேண்டியது அது.

கேள்வி: சாவேஜ் மார்க் II, பிளாஸ்டிக் ஸ்டாக். மணல் பையில் வைத்தால் ஒரு இடத்தில் அடிக்கிறது, பை-பாட் மாட்டினால் வேறு இடத்தில் அடிக்கிறது. ரைஃபிள் கெட்டுவிட்டதா? (டொராண்டோ)

கெடவில்லை, வளைகிறது. உங்கள் ஊரிலிருந்து இரண்டு மணி நேரத் தொலைவில் இருக்கும் லேக்ஃபீல்டில் தயாராகும் ரைஃபிள் அது. பேரல் அந்த விலைக்கு மீறியது. காசு மிச்சம் பிடித்தது ஸ்டாக்கில்.

காலி ரைஃபிளை பை-பாட்டில் (முன்னால் மாட்டும் இருகால் தாங்கி) நிறுத்தி, பேரலுக்கும் ஸ்டாக்குக்கும் நடுவே ஒரு தாள் துண்டை நுழைத்து ரிசீவர் வரை இழுங்கள். தடையில்லாமல் போக வேண்டும். இப்போது சுடும்போது செய்வதைப் போலத் தோளால் முன்னுக்குத் தள்ளிக்கொண்டே மறுபடி இழுங்கள். தாள் சிக்கினால் முன்பகுதி வளைந்து பேரலைத் தொடுகிறது என்று பொருள். ஒவ்வொரு குண்டுக்கும் நீங்கள் தள்ளும் பலம் மாறும். பேரலின் மேல் விழும் அழுத்தமும் மாறும். குண்டு இடம் மாறும்.

மாற்று ஸ்டாக் வாங்காமலே தீர்க்கலாம். அம்பு எய்கிறவர்கள் பயன்படுத்தும் கார்பன் ஃபைபர் அம்புத் தண்டு இரண்டு வேண்டும். ஸ்டாக்கின் முன்பகுதியை உள்ளே பார்த்தால் குறுக்கே பிளாஸ்டிக் தடுப்புகள் தெரியும். அவற்றில் தண்டு படுக்கிற அளவுக்கு இரண்டு வரிசையில் வெட்டு போடுங்கள். தண்டை வெட்டும் இடத்தில் டேப் சுற்றி, மெல்லிய ரம்பத்தால் அறுங்கள். கார்பன் தூசு நுரையீரலுக்கு ஆகாது, முகக்கவசம் கட்டாயம். பிளாஸ்டிக்கின் உட்புறத்தை 80 எண் உப்புத்தாளால் நன்றாகச் சொரசொரப்பாக்கி, ஆல்கஹாலால் துடைத்து, தடுப்புகளில் சின்னச் சின்னத் துளைகள் போடுங்கள். இந்த வகைப் பிளாஸ்டிக்கில் எபாக்ஸி தானாக ஒட்டாது. துளைக்குள் புகுந்து இறுகினால்தான் பிடிக்கும். இதை விட்டவர்களுக்கு மொத்தக் கட்டியும் ஆறு மாதத்தில் கழன்று உள்ளேயே கடகடக்கும்.

ஐந்து நிமிட எபாக்ஸி வேண்டாம். சூடாகி ஸ்டாக்கையே கோணலாக்கும். 24 மணி நேரத்தில் இறுகும் வகையை இரண்டு தவணையாக ஊற்றுங்கள். மேல்மட்டம் பேரலுக்குக் கீழே குறைந்தது 2 மில்லிமீட்டர் தள்ளி நிற்கட்டும். பை-பாட் கொக்கியின் திருகு உள்ளே நீட்டிக்கொண்டிருந்தால் அதன் தலையை மெழுகு பூசி மறைத்துவிட்டு ஊற்றுங்கள்.

இறுகியதும் தாள் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். அதற்குப் பிறகுதான் ரிசீவரை ஸ்டாக்கோடு சேர்க்கும் ஆக்‌ஷன் திருகுகளின் இறுக்கத்தைச் சோதிப்பதில் அர்த்தம் உண்டு.

மர ஸ்டாக் வைத்திருப்பவர்கள் ரிசீவருக்கு அடியிலும் எபாக்ஸி படுக்கை போடுவதுண்டு. அங்கே ஒரே எச்சரிக்கை: உலோகத்தின் மேல் ஷூ பாலிஷோ பேஸ்ட் மெழுகோ இரண்டு கோட் போட்டு, துளைகளையும் பள்ளங்களையும் பிளாஸ்டிசின் களிமண்ணால் அடைத்த பிறகே எபாக்ஸியைக் கலக்குங்கள். ஒரு துளை திறந்திருந்தாலும் ரைஃபிளும் ஸ்டாக்கும் ஒன்றாகிவிடும், பிரிக்க ரம்பம்தான்.

கேள்வி: டிரிகர் கல்லாக இருக்கிறது. உள்ளே இருக்கும் கொக்கியைக் கொஞ்சம் ராவினால் இலகுவாகும் என்று ஒரு வீடியோவில் காட்டினார்கள். செய்யலாமா? (நியூ ஜெர்சி)

வேண்டாம். அந்தக் கொக்கிதான் சியர். சியரும் ஹேமரும் கவ்விக்கொள்ளும் முகங்களின் மேல்தோல் மட்டும்தான் பெரும்பாலும் கடினப்படுத்தப்பட்டிருக்கும். ராவினால் அது போய்விடும். அடியில் இருக்கும் மென்மையான உலோகம் சில நூறு சுடுதலில் தேய்ந்து, ஒருநாள் சேஃப்டியை எடுத்ததுமே வெடிக்கும். கோணம் அரை டிகிரி மாறினாலே கதை முடிந்தது.

10/22-இன் டிரிகர் சுமார் 6 பவுண்ட். ரைஃபிளின் எடையே 5 பவுண்ட்தான். தன் எடையைவிட அதிக பலத்தில் விரல் இழுக்கும்போது ரைஃபிள் அசையாமல் இருக்குமா? அதனால்தான் இந்த மாதிரியில் தோட்டாவுக்கு அடுத்து அதிகம் பலன் தரும் செலவு டிரிகர் என்கிறோம். ரூகரே விற்கும் பிஎக்ஸ் டிரிகர் முழு அலகாக வருகிறது. இரண்டு முளைகளைத் தள்ளிப் பழையதை எடுத்துவிட்டுப் புதியதைப் பொருத்தினால் 2.5 முதல் 3 பவுண்டில் நிற்கும். சாவேஜில் அக்யூடிரிகர் என்ற திருத்தக்கூடிய டிரிகர் இருந்தால் கூட வரும் சின்னச் சாவியால் எடையைக் குறைக்கலாம். நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய தகட்டை முதலில் அழுத்தாமல் ஓரத்தில் இழுத்தால் சியர் பூட்டிக்கொள்ளும், சுடாது. பழுதில்லை, போல்ட்டைத் தூக்கி இறக்கினால் சரியாகும்.

எதை மாற்றினாலும் காலி ரைஃபிளில் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். காக் செய்து, சேஃப்டியை எடுத்து, பின்கட்டையை ரப்பர் விரிப்பின் மேல் ஓர் அடி உயரத்திலிருந்து சில முறை குத்துங்கள். போல்ட்டை வேகமாக அறைந்து மூடுங்கள். சேஃப்டி போட்ட நிலையில் டிரிகரை அழுத்திவிட்டு, விரலை எடுத்து, பிறகு சேஃப்டியை விடுவியுங்கள். இவற்றில் எப்போதாவது சுடும் ஊசி விழுந்தால் அந்த ரைஃபிள் ரேஞ்சுக்குப் போகக் கூடாது, கன்ஸ்மித்திடம் (துப்பாக்கி பழுது பார்ப்பவர்) போக வேண்டும்.

கேள்வி: ரிம்ஃபயரில் காலியாக டிரிகரை அழுத்திப் பழகலாமா? (மிசிசாகா)

தோட்டா இல்லாதபோது சுடும் ஊசி நேராகச் சேம்பரின் விளிம்பில் இடிக்கலாம். இடித்த இடத்தில் உலோகம் பிதுங்கினால் தோட்டா சிக்கும். 10/22-இல் ஊசியை நிறுத்தும் குறுக்கு முளை இருப்பதால் பிரச்சினை இல்லை, தயாரிப்பாளரே அனுமதிக்கிறார். மற்றவற்றுக்குக் கையேட்டைப் பாருங்கள். சுவரில் திருகு போடச் செருகும் மஞ்சள் நிற பிளாஸ்டிக் பிளக், 4-6 எண், சேம்பரில் சரியாக உட்காரும். சில முறை அடித்ததும் திருப்பி வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: 3-9 ஸ்கோப் போட்டிருக்கிறேன். பெரிய ரைஃபிளிலிருந்து கழற்றியது, நல்ல கம்பெனி. ஆனாலும் 25 கஜத்தில் குறி அலைகிறது. (சான் ஹோசே)

பெரிய ரைஃபிள் ஸ்கோப்பில் பாரலாக்ஸ் 100 கஜத்துக்கோ 150-க்கோ நிலைநிறுத்தப்பட்டிருக்கும். வேறு தூரத்தில் கண் நடுவிலிருந்து விலகினால் குறுக்குக் கோடு இலக்கின் மேல் நகரும். எவ்வளவு என்று கணக்குப் போடலாம்: முன்கண்ணாடி விட்டத்தில் பாதியை, தூர வித்தியாசத்தால் பெருக்கி, பாரலாக்ஸ் தூரத்தால் வகுக்க வேண்டும். 32 மில்லிமீட்டர் கண்ணாடி, 100 கஜத்துக்கு அமைத்தது, சுடுவது 25 கஜத்தில் என்றால் 16 × 75 ÷ 100, அதாவது 12 மில்லிமீட்டர் வரை. கன்னத்தை ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் வைத்தால் இந்தப் பிழை வராது. அப்படி வைக்க முடிவதில்லை என்பதுதான் பிரச்சினை. ரிம்ஃபயர் ஸ்கோப்புகள் 50, 60 கஜத்துக்கு அமைந்து வருகின்றன. முன்வளையத்திலோ பக்கத்திலோ தூரம் திருப்பும் வசதி இருந்தால் இன்னும் நல்லது.

பொருத்தும்போது கவனிக்க: .22-களில் பல 11 மில்லிமீட்டர் டவ்டெயில் பள்ளத்தோடு வரும். அதற்கு அகலமான அடித்தகட்டுக்குச் செய்த வீவர் வளையம் சேராது. அடித்தகட்டின் திருகுகளை எண்ணெய் போகத் துடைத்து, திருகு தளராமல் பிடிக்கும் நீல நிற த்ரெட்லாக்கர் ஒரு சொட்டு விட்டு இறுக்குங்கள். வளையத்தின் மேல்மூடித் திருகுகள் 15 முதல் 18 இன்ச்-பவுண்ட். அதற்கு மேல் போனால் குழாய் நசுங்கும். ‘இன்றைக்கு எதுவுமே சரியாகச் சுடவில்லை’ என்ற புகாரில் தளர்ந்த அடித்தகடு அடிக்கடி மாட்டுகிறது. தோட்டாவைத் திட்டுமுன் ஸ்கோப்பைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள்.

கேள்வி: எத்தனை குண்டுக்கு ஒருமுறை பேரலைச் சுத்தம் செய்ய வேண்டும்? (சிகாகோ)

பேரலின் நடுப்பகுதிக்கு அவ்வளவாகத் தேவையில்லை; மெழுகு பூசிய ஈயக் குண்டு அதை அதிகம் கெடுப்பதில்லை. கெடுவது சேம்பரின் முன் விளிம்பு. தீப்பற்றும் மருந்தில் கலந்த கண்ணாடித் தூளும் கரியும் மெழுகும் சேர்ந்து அங்கே கடினமான கரி வளையம் கட்டும். அடுத்த தோட்டா அதில் இடித்து உட்கார மறுக்கும், போல்ட் மூடும்போது லேசான எதிர்ப்பு தெரியும், ஐந்தில் ஒன்று மட்டும் தனியே விலகி விழ ஆரம்பிக்கும். 300 முதல் 500 குண்டுக்கு ஒருமுறை அந்த இடத்தில் கரைப்பானை 15 நிமிடம் ஊறவிட்டு, வெண்கல பிரஷ்ஷைச் சில முறை திருப்பினால் போதும். பிறகு உலர்ந்த துணி வரும்வரை துடையுங்கள்.

பெரும்பாலான 10/22-களில் பின்பக்கமிருந்து கம்பி விட வழியில்லை. வாய்ப்பக்கமிருந்து உலோகக் கம்பியை விட்டு உரசாதீர்கள். குண்டு கடைசியாகத் தொட்டு விலகும் விளிம்பு அது, அங்கே ஒரு பக்கம் தேய்ந்தால் ஒவ்வொரு குண்டும் கோணலாகக் கிளம்பும். பின்னாலிருந்து முன்னால் இழுக்கும் நைலான் கயிறு வகையே பாதுகாப்பு. அந்த விளிம்பில் பஞ்சுக் குச்சியை வட்டமாக ஓட்டிப் பாருங்கள்: எங்காவது நார் சிக்கினால் பிசிறு இருக்கிறது, கன்ஸ்மித் புது விளிம்பு வெட்டிக் கொடுப்பார்.

சுத்தம் செய்த உடனே குரூப் பெரிதாகும். பத்திருபது குண்டில் மெழுகு திரும்பப் படிந்ததும் அடங்கும். போட்டிக்கு முந்தின இரவு பேரலைப் பளபளக்கத் துடைக்க வேண்டாம் என்று சொல்வது அதனால்தான். வேலை முடிந்ததும் குளிர்ந்த நீரிலும் சோப்பிலும் கை கழுவுங்கள், ஈயம்.

இதோடு ஒன்று. ரேஞ்சில், முனை மண்மேட்டை நோக்கியிருக்க, மேகஸினிலிருந்து ஒரு தோட்டாவைச் சேம்பருக்கு ஏற்றி, சுடாமல் வெளியே எடுத்துப் பாருங்கள். குண்டின் மூக்கிலோ பக்கத்திலோ புதுக் கீறல் இருந்தால், ஏற்றும் சரிவிலோ மேகஸின் உதட்டிலோ பிசிறு இருக்கிறது. கீறிய ஈயக் குண்டு நேராகப் போகாது. எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய தோட்டாவும் இங்கே வீணாகும்.

கேள்வி: ஆப்பிள்சீட் என்ற அமெரிக்க ரைஃபிள் பயிற்சி முகாமுக்குப் போகப் போகிறேன். கையாள்வதற்கு வசதியாக என்னென்ன மாற்றலாம்? (நார்த் கரோலினா)

அங்கே 25 மீட்டரில் சுருக்கிய இலக்குகளைச் சுட வேண்டும்: தேர்வில் 40 குண்டு, மொத்தம் 250 புள்ளி, 210 எடுத்தால் ‘ரைஃபிள்மேன்’ பட்டை. படுத்தும் உட்கார்ந்தும் நின்றும், நேரக் கெடுவுக்குள், நடுவில் மேகஸின் மாற்றி. ஆகவே ரைஃபிளின் கையடக்கம்தான் புள்ளி.

முதல் செலவு ஸ்லிங். ஒன்றேகால் அங்குல அகல ராணுவ நாடா ஸ்லிங்கும் அதற்கேற்ற வளையங்களும். நாடாவை வளையமாக்கி இடது மேல்கையில், தசைக்கு மேலே ஏற்றி இறுக்குங்கள். முன்கையை நாடாவுக்குள் சுற்றிக் கொண்டுவந்து ஸ்டாக்கைத் தாங்கினால் எலும்பும் நாடாவும் எடையைச் சுமக்கும், தசை ஓய்வெடுக்கும். நாடா தளர்ந்திருந்தால் பயனில்லை. உள்ளங்கை முன் கொக்கியோடு நெருக்கமாக இருக்க வேண்டும்.

இரண்டாவது மேகஸின் விடுவிப்பான். தொழிற்சாலையில் பித்தான் வைத்து வந்த 10/22-இல் அதைக் குளிரிலும் அவசரத்திலும் தேட வேண்டியிருக்கும். நீண்ட நெம்புகோல் வகை கிடைக்கிறது. மூன்றாவது, ஸ்கோப் இல்லாதவர்களுக்கு டெக்-சைட்ஸ் துளைக் குறிமுள். நான்காவதுக்குக் காசு வேண்டாம்: இரும்புக் குறிமுள்ளுக்காகத் தாழ்வாகச் செய்த ஸ்டாக்கில் ஸ்கோப் போட்டால் கன்னம் அந்தரத்தில் நிற்கும். யோகா விரிப்புத் துண்டை மடித்து, கண் தானாகக் கண்ணாடியின் நடுவில் வரும் உயரத்துக்கு டேப் சுற்றுங்கள். கண்ணை மூடிக் கன்னத்தை வைத்து, திறந்து பார்த்தால் முழு வட்டம் தெரிய வேண்டும்.

கேள்வி: சென்னையில் கிளப் ரைஃபிளில் 50 மீட்டர் பழகுகிறேன். இதையெல்லாம் நானும் செய்யலாமா? (சென்னை)

ஸ்டாக் திருகைத் தாண்டி எதையும் நீங்களாகத் தொட வேண்டாம். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-ஆவது பிரிவு, துப்பாக்கியைப் பழுது பார்ப்பதையும் மாற்றியமைப்பதையும் உரிமம் பெற்றவருக்கே விட்டிருக்கிறது. அதுவும் அது கிளப்பின் ரைஃபிள். திருகைத் தொடுவதற்குக்கூடப் பயிற்சியாளரிடம் சொல்லிவிடுங்கள்.

ஆனால் உங்களுக்கு வேண்டியதில் பெரும்பகுதி உலோகத்துக்கு வெளியே இருக்கிறது. 50 மீட்டர் இலக்கின் பத்து வட்டம் 10.4 மில்லிமீட்டர். குண்டின் ஓரம் தொட்டாலே பத்து என்பதால், மையத்திலிருந்து 8 மில்லிமீட்டருக்குள் குண்டின் நடு விழுந்தால் போதும். அதாவது 16 மில்லிமீட்டர் குரூப் சுடும் ரைஃபிள் எல்லாவற்றையும் பத்தாக்கும். ஸ்வப்னில் குசாலே 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற மூன்று நிலைப் போட்டியும் இதே வட்டத்தில் நடப்பதுதான்.

எனவே கிளப்பில் இருக்கும் தோட்டா லாட்டுகளில் அந்த ரைஃபிளுக்கு எது ஒத்துவருகிறது என்று பயிற்சியாளரோடு சேர்ந்து சோதியுங்கள். ஸ்லிங் துளை எண், ஹேண்ட்ஸ்டாப் (முன்கையைத் தடுத்து நிறுத்தும் கட்டை) நின்ற கோடு, பின்கட்டை நீளம், கன்னத் திண்டின் உயரம் நான்கையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கிளப் ரைஃபிளை உங்களுக்கு முன்னால் ஆறடி ஆள் ஒருவர் சுட்டிருப்பார். அவருடைய அளவில் சுட்டுவிட்டுப் பேரலைக் குறை சொல்லாமல், உங்கள் அளவுக்கு மாற்றி வைத்த பிறகு முதல் பத்து குண்டைக் கணக்கில் சேர்க்காமல் சுடுங்கள்.